அயர்லாந்தில் வீட்டுக்காகத் தெருவுக்கு வந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் தமிழர்களை முதலில் திணறடிப்பது வீட்டு வாடகைதான். அதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அரசு கைவிட்ட இடங்களும் அக்கம்பக்கத்து ஜனங்கள் தாங்களாகவே இறங்கி நின்ற இடங்களும் நிறைந்த கதை. இதைப் பற்றிப் பேசும்போது பலரும் கேட்கும் கேள்விகளை வைத்தே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன்.

அயர்லாந்து பணக்கார நாடாயிற்றே, அங்கேயுமா வீடில்லாதவர்கள்?

ஆமாம். அரசு ஏற்பாடு செய்யும் அவசரத் தங்குமிடங்களில் இருப்பவர்களின் எண்ணிக்கை 2025-இல் 16,000-ஐத் தாண்டியது. அதில் 5,000 பேருக்கு மேல் குழந்தைகள். ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அது. 2014-இல் இதே கணக்கு மூவாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது.

பணம் இல்லாத குறை என்று சொல்லவே முடியாது. ஆப்பிள் நிறுவனம் 1,300 கோடி யூரோ வரி பாக்கியை அயர்லாந்துக்குக் கட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் எங்களுக்குச் சேர வேண்டியதில்லை என்று ஆப்பிளோடு சேர்ந்து பல ஆண்டுகள் வழக்காடியது ஐரிஷ் அரசேதான். பிள்ளைகள் ஓட்டல் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

இந்த 16,000 பேரும் தெருவில் படுத்திருப்பவர்களா?

இல்லை. பெரும்பாலானோர் ஓட்டல், விடுதி, குடும்பத் தங்குமிடம் போன்றவற்றில் இருப்பவர்கள். ஒரே அறையில் அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். அடுப்பு கிடையாது, விளையாட இடம் கிடையாது, பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தள்ளி. வேலைக்குப் போய்க்கொண்டே இப்படி வாழ்பவர்கள் நிறைய.

தெருவில் படுப்பவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். கணவனின் அடிக்குப் பயந்து பெண்கள் காப்பகத்தில் இருப்பவர்கள், புகலிடம் கேட்டு வந்தவர்கள், நண்பர் வீட்டு சோபாவில் மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள், யாருமே இதில் இல்லை. ஆக, அரசு மாதாமாதம் வெளியிடும் எண் பிரச்சினையின் ஒரு பகுதிதான்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது?

ஒரு காலத்தில் அந்த நாட்டு உள்ளாட்சிகளே வீடு கட்டின. 1963 ஜூனில் டப்ளினில் இரண்டு பழைய அடுக்கு வீடுகள் பத்து நாள் இடைவெளியில் இடிந்து விழுந்தன. போல்டன் தெருவில் வயதான இருவரும் ஃபீனியன் தெருவில் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். ஊர் கொதித்தது, அதற்கப்புறம் பாலிமன் பகுதியில் பெரிய அடுக்குமாடிகள் எழுந்தன. 1970-களின் நடுவில் உள்ளாட்சிகள் ஆண்டுக்கு எட்டாயிரம் வீடுகளுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தன.

பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. கட்டிய வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்றார்கள்; விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தன. அரசு அந்த வங்கிகளின் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது; 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கையேந்த வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டியவற்றில் ஒன்று பொது வீட்டுவசதி. 2015-இல் நாடு முழுக்க உள்ளாட்சிகள் நேரடியாகக் கட்டிய வீடுகள் வெறும் 75.

கட்டுவதற்குப் பதிலாகத் தனியார் வீட்டு வாடகைக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டம் 2014-இல் வந்தது. உள்ளாட்சி கட்டிய வீட்டுக்குக் காத்திருந்த ஏழைக் குடும்பம் அப்படித்தான் தனியார் வாடகைச் சந்தைக்குள் தள்ளப்பட்டது. வீட்டுக்காரர் விற்கப் போகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தால் அந்தக் குடும்பம் நடுத்தெருவில். பெரிய முதலீட்டு நிதிகள் மொத்தம் மொத்தமாக வீடுகளையும் வங்கிக் கடன்களையும் வாங்கிக் குவித்ததும் இதே காலத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் அரசைக் குறை சொல்வது சரியா?

இந்த விஷயத்தில் சரி என்றே நினைக்கிறேன். அதற்குச் சாட்சி கொரோனா காலம். வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று தடை போட்டார்கள். 2019-இல் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2021 வசந்தத்தில் எட்டாயிரம் அளவுக்கு இறங்கியது. அப்படியானால் குறைக்க முடிகிறது. 2022 அக்டோபர் இறுதியில் குளிர்காலத்துக்காக மறுபடி அதே தடை வந்தது. 2023 மார்ச் 31-உடன் அதை முடித்துக்கொள்வது என்று அரசு முடிவெடுத்தது. எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவந்தன. ஆளும் கூட்டணியின் பசுமைக் கட்சி உறுப்பினர் நீசா ஹூரிகன் தன் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்து, கட்சிக் குழுவிலிருந்து 15 மாதம் இடைநீக்கம் ஆனார். தடை போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 13,000-ஐத் தாண்டியது.

வாக்குறுதிகளையும் பாருங்கள். குடும்பங்களை ஓட்டல்களில் தங்கவைப்பதை 2017 நடுவுக்குள் நிறுத்திவிடுவோம் என்றார்கள், நடக்கவில்லை. 2024-இல் நாற்பதாயிரம் வீடுகளை நெருங்கிவிடுவோம் என்று தேர்தலுக்கு முன்னால் சொன்னார்கள். தேர்தல் முடிந்த பிறகு வந்த கணக்கு 30,330.

அப்போலோ ஹவுஸ் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

டப்ளினின் நடுவில், டாரா தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த காலியான அலுவலகக் கட்டடம். அதன் உரிமையாளர் வாங்கிய கடன் நாமாவிடம் இருந்தது. நாமா என்பது வங்கிகளின் வாராக் கடன்களை ஏற்றுக்கொள்ள 2009-இல் அரசு உருவாக்கிய அமைப்பு. அதாவது, ஜனங்களின் வரிப்பணத்தில் காப்பாற்றப்பட்ட சொத்து. அது பூட்டிக் கிடக்க, வாசலுக்கு வெளியே ஆட்கள் பனியில் படுத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலக் கணக்கெடுப்பில் டப்ளின் தெருக்களில் ஒரே இரவில் 142 பேர் படுத்திருந்தது பதிவானது.

2016 டிசம்பர் 15 இரவு, 'ஹோம் ஸ்வீட் ஹோம்' என்ற பெயரில் சேர்ந்த ஒரு கூட்டம் உள்ளே போனது. அதில் ஐரிஷ் வீட்டுவசதி வலையமைப்பின் இளைஞர்கள் இருந்தார்கள். யூனைட் தொழிற்சங்கத்தின் பிரெண்டன் ஓகிள், பாடகர் கிளென் ஹன்சார்ட், திரைப்பட இயக்குநர் ஜிம் ஷெரிடன் போன்றவர்களும் இருந்தார்கள். பெயர் தெரிந்தவர்களால் செய்தி பரவியது உண்மை. ஆனால் அந்தக் கட்டடத்தை வாழக்கூடிய இடமாக்கியது பெயர் தெரியாதவர்கள். பிளம்பர்கள் வந்து தண்ணீர் வரவழைத்தார்கள், எலக்ட்ரீஷியன்கள் வெளிச்சம் கொண்டுவந்தார்கள், நர்சுகள் டூட்டி முடித்துவிட்டு வந்தார்கள். மெத்தை, போர்வை, சமைத்த சாப்பாடு என்று கையில் கொண்டுவந்தவர்களால் வாசல் நிறைந்தது. நாற்பது பேர் அளவுக்கு ஒவ்வோர் இரவும் அங்கே தங்கினார்கள்.

அங்கே தங்கியவர்கள் பெரிதாகச் சொன்னது மெத்தையைப் பற்றி அல்ல. தெரு விடுதிகளில் இரவு படுக்கை கொடுத்து, காலையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீண்டவர் பயன்படுத்துபவருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியிருக்கும். வைத்த செருப்பு காலையில் இருக்காது. அப்போலோவில் தங்களுக்கென்று கதவு உள்ள ஓர் அறை இருந்தது, காலையில் யாரும் விரட்டவில்லை. இந்தச் சின்ன வித்தியாசம்தான் மொத்தப் போராட்டத்தின் சாரம் என்பேன்.

உயர் நீதிமன்றம் 2017 ஜனவரி 11-க்குள் காலி செய்யச் சொன்னது. கிறிஸ்துமஸ் முடியும்வரை இருக்கலாம் என்ற அந்த அவகாசமே பெரிய விஷயமாகப் பார்க்கப்பட்டது. தெருவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தங்குமிடம் பற்றி வீட்டுவசதி அமைச்சரோடு பேச்சுவார்த்தை நடந்தது. ஜனவரி 12-இல் வெளியேறினார்கள்.

இதற்கு முன்னாலும் இப்படிப் போராடியிருக்கிறார்களா?

தமிழில் நாம் சாதாரணமாகச் சொல்லும் 'பாய்காட்' என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது! 1879-இல் மைக்கேல் டேவிட் முன்னின்று உருவாக்கிய நிலச் சங்கம், நியாயமான வாடகை கேட்டது. குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்றது. மேயோ மாவட்டத்தில் சார்லஸ் பாய்காட் என்ற பண்ணை நிர்வாகி குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார். 1880-இல் ஊரே அவரிடமிருந்து விலகியது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, சுமார் ஆயிரம் படைவீரர், காவலர் பாதுகாப்பில் அவருடைய பயிரை அறுக்க வேண்டியதாயிற்று. ஒரு மனிதனின் பெயர் உலகம் முழுக்க வினைச்சொல்லாகிவிட்டது.

1960-களின் இறுதியில் டப்ளின் வீட்டுவசதிச் செயற்குழு காலி வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றியது, நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனது. அப்படிக் குடியேறி, நீதிமன்ற உத்தரவை மீறிச் சிறைக்குப் போய் உண்ணாவிரதம் இருந்தவர்களும் உண்டு. ஐரிஷ் மொழியில் ஒரு பழமொழி இருக்கிறது: மனிதர்கள் ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறார்கள். 'ஸ்கா' என்ற அந்தச் சொல் நிழலையும் குறிக்கும், ஒதுங்கும் இடத்தையும் குறிக்கும். நிழல் என்பதை நாமும் அப்படித்தானே சொல்கிறோம்.

குடிநீர்க் கட்டணப் போராட்டத்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்கள் ஒன்றுதான். 2014-இல் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துத் தண்ணீருக்குக் கட்டணம் வாங்க அரசு புறப்பட்டது. டப்ளின், கார்க் நகரங்களின் தொழிலாளர் குடியிருப்புகளில், பெரும்பாலும் பெண்கள், விடிகாலையில் நடைபாதைப் பள்ளத்தின் மேல் நின்று மீட்டர் பொருத்த விடாமல் தடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 2016-இல் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது, 2017-இல் ரத்தானது, கட்டியவர்களுக்குப் பணமும் திரும்பி வந்தது. அரசியல் என்றால் நமக்கெதற்கு என்று இருந்தவர்கள் அங்கேதான் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள்; பிறகு அதே கூட்டம் வீட்டுப் பிரச்சினைக்குத் திரும்பியது.

அடுத்தவர் கட்டடத்துக்குள் நுழைவது தப்பில்லையா?

சட்டப்படி தப்பு. போனவர்களும் அது தெரிந்தேதான் போனார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் 1,66,000-க்கும் அதிகமான வீடுகள் காலியாக இருந்தன, விடுமுறை வீடுகளைச் சேர்க்காமலே. எல்லாமே குடியிருக்கத் தயாரானவை என்று சொல்லவில்லை. விற்பனைக்கு இருப்பவை, பழுதானவை எல்லாம் அதில் அடங்கும். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு, பூட்டை உடைத்தவன் மேல் மட்டும் கோபப்பட என்னால் முடியவில்லை.

2018 ஆகஸ்டில் 'நகரத்தை மீட்போம்' என்ற கூட்டணி டப்ளினில் சம்மர்ஹில் பரேட் வீடு ஒன்றிலும், பிறகு வடக்கு ஃபிரெடரிக் தெருவின் 34-ஆம் எண் வீட்டிலும் குடியேறியது. செப்டம்பர் 11 மாலை முகமூடி போட்ட தனியார் ஆட்கள் வந்து அவர்களை வெளியேற்றினார்கள். பக்கத்தில் காவல் நின்ற கார்டா, அதாவது ஐரிஷ் போலீசார், அவர்களும் முகத்தை மறைத்திருந்தார்கள். அந்தப் படம் பலரை உலுக்கியது. அப்படி முகம் மறைத்தது முறையல்ல என்று காவல் ஆணையரே சொல்ல வேண்டிவந்தது. அடுத்த மாதம் 3-ஆம் தேதி, தொழிற்சங்கங்களும் மாணவர்களும் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள்.

சொத்துரிமையை ஐரிஷ் அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. வீட்டுக்கான உரிமை அதில் எங்கேயும் இல்லை. அதைச் சேர்க்கப் பொது வாக்கெடுப்பு நடத்துவதாக 2020-இல் அமைந்த கூட்டணி வாக்குக் கொடுத்தது. நடத்தவில்லை.

வாடகைதாரர் சங்கம் என்ன செய்கிறது?

2019-இல் தொடங்கிய சமூகச் செயல்பாட்டு வாடகைதாரர் சங்கம் தொழிற்சங்கம் போலவே இயங்குகிறது: சந்தா, உறுப்பினர், பகுதிவாரியாகக் கிளை. ஒருவருக்குச் சட்டத்துக்குப் புறம்பாகக் காலி செய்யச் சொல்லி மிரட்டல் வந்தால், அந்தப் பகுதிக் கிளை ஆட்கள் வாசலில் போய் நிற்பார்கள். முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போவார்கள். பரபரப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருபது பேர் நிற்கும்போது பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

கூட்டாக நின்றால் சட்டமே மாறும் என்பதற்கு டிரெல்ஸ்டவுன் உதாரணம். டப்ளினின் மேற்கில் உள்ள அந்தக் குடியிருப்பில், 2016-இல் ஒரே நேரத்தில் பல குடும்பங்களுக்கு வீட்டை விற்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. அவர்கள் கலைந்து போகாமல் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு, ஒரே குடியிருப்பில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை விற்கும்போது வாடகைதாரர்களை வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தும் திருத்தம் வந்தது. அதை இன்றும் டிரெல்ஸ்டவுன் திருத்தம் என்றுதான் சொல்கிறார்கள்.

தெருவில் சாப்பாடு கொடுப்பதால் பிரச்சினை தீருமா?

தீராது, கொடுப்பவர்களுக்கும் அது தெரியும். ஆனால் இன்று ராத்திரி பசிக்கிறதே. டப்ளின் போ தெருவில் கப்புச்சின் துறவிகளின் மையம் 1969 முதல் சாப்பாடு போடுகிறது. பிரதர் கெவின் குரோலி தொடங்கியது. யார், என்ன, ஏன் என்று கேட்பதில்லை. பொது அஞ்சலகக் கட்டடத்தின் தூண்களுக்குக் கீழே, 1916-இல் குடியரசு அறிவிக்கப்பட்ட அதே இடத்தில், மாலை நேரங்களில் தன்னார்வலர்கள் மேசை போட்டுச் சூப்பும் சோறும் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பில் நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும் சமமாகப் பேணுவோம் என்று ஒரு வரி உண்டு. 2019 அக்டோபரில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் டப்ளின் தெருத் தரையில் அட்டையின் மேல் சாப்பாட்டை வைத்துச் சாப்பிடும் படம் நாடு முழுக்கப் பரவியது. பலருக்கு அந்த வரி நினைவுக்கு வந்திருக்கும்.

தெருவில் பகிரங்கமாகக் கொடுப்பது வாங்குபவரின் மானத்தைக் காக்கவில்லை, தன்னார்வலர்களின் பின்னணி சரிபார்க்கப்படுவதில்லை என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. முகத்தைப் படம் பிடித்துப் போடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அதிகாரிகள் இதைச் சொல்லும்போது, முதலில் கதவுள்ள அறை கொடுங்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

டிராவலர் சமூகத்தைப் பற்றி ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

அயர்லாந்தின் பூர்விக நாடோடிச் சமூகம் அது. மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. வீடற்றவர்களில் அவர்கள் பங்கு அதைவிடப் பல மடங்கு. 2015 அக்டோபரில் டப்ளினின் தெற்கில் உள்ள கேரிக்மைன்ஸில் அவர்கள் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்து ஐந்து பெரியவர்களும் ஐந்து குழந்தைகளும் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குத் தற்காலிக இடம் தயார் செய்யப் போனபோது, அந்தப் பகுதிவாசிகள் கார்களைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். அக்கம்பக்கம் ஒன்றுசேர்வது எப்போதுமே நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2017 மார்ச் 1-இல்தான் அவர்களைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்றது.

வெளிநாட்டவர் வந்ததால்தான் வீடு கிடைக்கவில்லை என்கிறார்களே?

2022 நவம்பரில் டப்ளினின் ஈஸ்ட் வால் பகுதியில் புகலிடம் தேடி வந்தவர்களுக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது. 2023 நவம்பர் 23-இல் டப்ளின் நடுவில் கலவரமே நடந்தது. அகதிகளுக்கென்று பேச்சு அடிபட்ட கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். காலியாக நின்ற கட்டடத்தை எரித்துவிட்டு வீடில்லை என்று அழுவது எந்த வகையில் நியாயம்?

கணக்கைப் பாருங்கள். 2014-க்கும் 2019-க்கும் இடையிலேயே வீடற்றோர் எண்ணிக்கை மூன்று மடங்கானது. கட்டாமல் விட்டது அதற்கும் முன்னால். அரசு நியமித்த வீட்டுவசதி ஆணையம், 2022 நிலவரப்படி நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பற்றாக்குறை என்று 2024-இல் சொன்னது. அது ஓரிரு ஆண்டில் சேர்ந்த பாக்கி இல்லை. 2023 டிசம்பரில் தனியாக வந்த புகலிடம் கோரும் ஆண்களுக்குப் படுக்கை கொடுக்க முடியாது என்று அரசு கைவிரித்தது. மவுண்ட் தெருவில் கூடாரங்கள் முளைத்தன, 2024 மே 1-இல் அகற்றப்பட்டன, கால்வாய்க் கரையில் மறுபடி முளைத்தன. கூடாரமும் தேநீரும் கொண்டுபோனவர்கள் அக்கம்பக்கத்து ஐரிஷ்காரர்கள். 2023 பிப்ரவரியில் 'எல்லோருக்குமான அயர்லாந்து' என்று பல்லாயிரம் பேர் டப்ளினில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அங்கே வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது?

வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகக் காலி பண்ணு என்றால் அது செல்லாது. எழுத்தில் முறையான நோட்டீஸ் வேண்டும். எவ்வளவு காலம் குடியிருந்தீர்களோ அதைப் பொறுத்து அவகாசம் கூடும். பூட்டை மாற்றுவதும் சாமானை வெளியே எறிவதும் சட்டவிரோதம். தகராறு என்றால் குடியிருப்பு வாடகை வாரியத்துக்குப் போகலாம். 1978 முதல் இயங்கும் திரெஷோல்ட் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்லும். ஒரு எச்சரிக்கை: வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இவ்வளவு போராடியும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதே?

ஆமாம், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. தண்ணீர்க் கட்டணம் போனது. டிரெல்ஸ்டவுன் திருத்தம் வந்தது. 2021 மே மாதம் மேனூத்தில் ஒரு புதிய குடியிருப்பின் பெரும்பகுதியை முதலீட்டு நிதி ஒன்று அள்ளிக்கொண்டதும் எழுந்த கோபத்தில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை மொத்தமாக வாங்கினால் 10 சதவீத முத்திரைத் தீர்வை என்று அரசு விதித்தது. அடுக்குமாடிகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. 2020 தேர்தலில் வீட்டுப் பிரச்சினையை முன்னிறுத்திய சின் ஃபெய்ன் கட்சி அதிக முதல் விருப்ப வாக்குகளைப் பெற்றது (அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிப்பார்கள்). ஆட்சி அமைத்தவர்கள் வேறு. கிடைத்தவை உண்மையான வெற்றிகள்தான், வீடு கட்டும் அதிகாரம் மட்டும் போராடுபவர்கள் கைக்கு வரவே இல்லை.

டப்ளினுக்குப் போனால் அப்போலோ ஹவுஸைப் பார்க்கலாமா?

முடியாது, 2018-இல் இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக லென்ஸ்டர் ஹவுஸுக்குப் போங்கள், அதுதான் நாடாளுமன்றம். அதன் வாசலில் நின்று பார்த்தால் நேரெதிரே மோல்ஸ்வொர்த் தெரு. 2014 டிசம்பர் 1 காலை, அந்தத் தெருவின் ஒரு வாசற்படியில் படுத்திருந்தவர் இறந்துகிடந்தார். சட்டம் இயற்றும் இடத்துக்கும் அந்தப் படிக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். வீட்டுக்கான கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் கூடுகின்றன. போகிற நாளில் ஏதாவது கூட்டம் நடந்தால், பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.